சோம்பலா, சோகையா?

ஒரு சொல்லைப் பற்றி இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். "சோம்பேறி" என்பது அச்சொல். பிறரைப் பற்றி நாம் கூறும் தீர்ப்புகளில் இதைவிடச் சுலபமாக வாயில் வருவது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. திருடன் என்று ஒருவனைச் சொல்ல நமக்குச் சாட்சி வேண்டும். பொய்யன் என்று சொல்லவும் ஏதோ ஓர் ஆதாரம் தேடுவோம். சோம்பேறி என்று சொல்ல மட்டும் ஒன்றும் வேண்டியதில்லை. ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் போதும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இச்சொல்லை ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்கலாம். மலைச்சரிவில் ஏறும்போது நான்கு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் ஒரு பெண். மற்றவர்களின் கூடை நிறையும்போது அவளுடைய கூடை பாதியில் நிற்கிறது. கேட்ட நிறை வரவில்லை என்று அரைப்பேர் விழுகிறது. "அவளுக்கு உடம்பு வணங்காது" என்கிறார் கங்காணி. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் அடுப்பை மூட்டாமல் படியில் சாய்ந்திருப்பவளைப் பார்த்துக் கணவனும் அதையே சொல்லுகிறான். சில நாட்களில் அவளும் தன்னைப்பற்றி அப்படியே நம்பத் தொடங்கிவிடுகிறாள். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

அவளுடைய கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்த்தவர்கள் யார்? சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைத் துணிபோல் வெளிறிக் கிடப்பதைக் கண்டவர்கள் யார்?

நமது உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அதிலுள்ள செங்குழியங்களுக்குள்ளே ஈமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சிலிருந்து ஒட்சிசனைப் பெற்று, கால் தசைவரை, மூளைவரை சுமந்து செல்வது அதுதான். அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். எனவே உடல் ஓயாமல் புதியவற்றை ஆக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கருவுறாத பெண்ணொருத்திக்கு இரத்தத்தின் 100 மில்லிலீற்றரில் 12 கிராமுக்குக் குறைவாகவும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைவாகவும் ஈமோகுளோபின் இருந்தால் அதை இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 7 கிராமுக்கும் கீழே இறங்கிய ஒரு தாய் முதுகில் கூடையோடு மலையேறுகிறாள் என்றால், நம்மில் நலமாயிருப்பவர்கள் இரட்டைச் சுமையோடு ஏறுவதை ஒப்ப அவளது இதயம் அடித்துக்கொள்கிறது. அவள் சோம்பேறியல்ல, அந்த வரிசையில் மிகக் கடினமாக உழைத்தவள் அவளாகவே இருக்கக்கூடும்.

இத்தவறை நாம் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை வெள்ளையர்களை அந்நாட்டவரே தலைமுறை தலைமுறையாகச் சோம்பேறிகள் என்று ஏளனம் செய்து வந்தார்கள். சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் என்ற அறிஞர் அவர்களுடைய குடலில் கொளுக்கிப்புழு குடியிருப்பதை எடுத்துக்காட்டினார். 1902-ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியானபோது நியூயோர்க் பத்திரிகையொன்று, சோம்பலின் கிருமி அகப்பட்டுவிட்டதோ என்று வேடிக்கையாகத் தலைப்பிட்டது. வேடிக்கையாக எழுதினாலும் விஷயம் உண்மைதான். குணக்கேடு என்று கருதப்பட்டது குடலில் இருந்த புழு! 1909-இல் ரொக்பெல்லர் பத்து இலட்சம் டொலரை அதை ஒழிக்கக் கொடுத்தார். அவரது பெயரிலான நிறுவனம் 1916-இல் நமது நாட்டிலும் அதே வேலையைத் தொடங்கியது. மாத்தளைப் பகுதித் தோட்டங்களே முதலில் தெரிவாயின.

ஏன் தோட்டங்கள்? ஈரமும் நிழலும் உள்ள மண்ணில்தான் இப்புழுவின் முட்டை பொரிக்கும். மலசலகூடமில்லாத லயங்களைச் சுற்றிய மண்ணும், தேயிலைச் செடியின் அடியும், இறப்பர் மர நிழலும் அதற்கு வாய்ப்பாக அமைந்துவிட்டன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து அது உள்ளே புகுகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் பகுதிகளில் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது 0.03 மில்லிலீற்றர் மட்டுமே. இது அற்பம் என்று தோன்றும். நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. பெண்ணொருத்தி மாதவிலக்கில் வழக்கமாக இழப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இது. கங்காணியின் பேரேட்டில் இக்கணக்கு ஒருபோதும் ஏறியதில்லை.

கேகாலை மாவட்டத்து முதியவர்களின் குடும்ப நினைவில் இன்னொரு துயரமும் உண்டு. 1934-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் நீரோடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மலேரியா ஏழு மாதங்களில் ஏறக்குறைய 80,000 உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. கேகாலையும் குருநாகலுமே மிகக் கொடூரமாகத் தாக்கப்பட்ட மாவட்டங்கள். மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் புகுந்து பெருகி அதை வெடிக்கச் செய்கிறது. ஆகவே காய்ச்சல் விட்ட பின்பும் வெளிறல் விடாது. மண்ணீரல் வீங்கி, அந்நாளில் காய்ச்சற்கட்டி எனப்பட்டது வயிற்றில் கையில் தட்டுப்படும். காய்ச்சல் தணிந்தும் எழுந்து நடக்கமுடியாமல் கிடந்தவர்களுக்கு, என். எம். பெரேராவும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களோடு சேர்ந்த இளைஞர்களும் பருப்பும் அரிசியும் கொண்டுபோனார்கள். கூடவே மாமைட்டையும் உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள்.

ஏன் மாமைட்? பாணில் பூசிச் சாப்பிடும் அந்தக் கறுப்புக் களிக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? இதைக் கண்டறிந்தவர் ஒரு பெண். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கொடிய இரத்தச்சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அது கிருமியா, பரம்பரையா என்று பலரும் தேடிக்கொண்டிருக்க, அவர் அப்பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். வசதியுள்ளவர்களிடம் இந்நோய் அரிதாயிருப்பதையும் கவனித்தார். மலிவான மாமைட்டைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் தேறினார்கள். 1931-இல் அதை வெளியிட்டார். அதிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்பது பின்னால் தெரியவந்தது. இன்று நமது தாய்மார் கிளினிக்கில் பெறும் சிறு மாத்திரைக்குப் பின்னால் அந்த நெசவாலைப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரோ ஒருவர் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டு நகராமல், அவர்களுடைய சோற்றுத் தட்டைப் பார்த்ததனால் வந்தது அது.

இனி நமது கேள்விக்கு வருவோம். தெரியாமல் ஒருவரைத் தவறாகத் தீர்ப்பிட்டால் அது குற்றமா? "எனக்குத் தெரியாதே!" என்று கைவிரித்தால் போதுமா?

புனித தோமஸ் அக்குவினாஸ் இதைப்பற்றி ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். அறிந்துகொள்ள முடியாததை அறியாதிருப்பது குற்றமாகாது. அறிந்துகொள்ளக் கடமைப்பட்டதை, அறிய வாய்ப்பும் இருக்க, அறியாமல் விட்டுவிடுவது குற்றமே. 1900-ஆம் ஆண்டில் ஒரு கங்காணி கொளுக்கிப்புழுவைப் பற்றி அறிந்திருக்க முடியாது; அவரை மன்னிக்கலாம். இன்றைக்கு? தொழிலாளரின் வேலையை நிறுத்துப் பார்ப்பவர்களுக்கும், அந்த நிறையின்மேல் சம்பளம் எழுதுபவர்களுக்கும், இலாபத்தைப் பங்கிடுபவர்களுக்கும் அந்த மன்னிப்பு கிடையாது என்பதே என் எண்ணம். ஒருவருடைய உழைப்பை விலைக்கு வாங்குகிறவர் அவருடைய களைப்பின் காரணத்தையும் அறியக் கடமைப்பட்டவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அறிவு வேண்டும், அறிவு வேண்டும் என்று நாம் கூச்சலிடும்போது அந்தக் கூச்சல் யாருடைய காதில் விழுகிறது? பெரும்பாலும் அந்த வெளிறிய பெண்ணின் காதில்தான். கீரை சாப்பிடு, ஈரல் சாப்பிடு, முட்டை சாப்பிடு என்று அவளுக்கு உபதேசம் செய்கிறோம். 1973, 1974-ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. போசாக்கைப் பற்றிய அறிவின்மையால் அல்ல. வாங்க வழியில்லாதவளிடம் வாங்கச் சொல்வது அவளுடைய நோய்க்கு அவளையே குற்றவாளியாக்குவதாகும். சோம்பேறி என்ற பழைய பட்டத்தைக் கழற்றிவிட்டு, அறிவிலி என்ற புதிய பட்டத்தை அணிவிக்கிறோம்; அவ்வளவுதான்.

ஆயினும் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு, அதை மறைப்பதும் சரியல்ல. ரொட்டியோடும் சோற்றோடும் குடிக்கும் சாயத் தேத்தண்ணீர், உணவிலுள்ள இரும்புச் சத்தில் பெரும்பகுதியை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. தேயிலை பறிப்பவளின் இரத்தத்தை அத்தேயிலையே குறைக்கிறது என்பது எவ்வளவு கசப்பான செய்தி! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அத்தீங்கு குறையும். முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தாலோ, பின்னர் ஒரு கொய்யாவோ நெல்லியோ தின்றாலோ அச்சத்து நன்றாகச் சேரும். இவற்றுக்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. கிளினிக்கில் இலவசமாய்க் கிடைக்கும் இரும்பு மாத்திரையோ கூரை இடுக்கில் செருகிக் கிடக்கும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்திருப்பாள். அல்லது பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று மாமியார் சொல்லியிருப்பார். முன்கூட்டியே "கறுப்பாகத்தான் போகும் தங்கச்சி, பயப்படாதே" என்று ஒரு மருத்துவிச்சி சொல்லியிருந்தால் மாத்திரை வயிற்றுக்குப் போயிருக்கும். கர்ப்பிணி மண்ணையோ பச்சரிசியையோ தின்றால் ஏசுகிறோமே, அதுவும் இரத்தச்சோகையின் அடையாளமாக இருக்கலாம்.

வள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவர். இந்த நான்காமவரை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. வெள்ளைச் சீருடையணிந்த தாதியை மட்டுமல்ல, லயத்து அறையில் பாயருகே அமர்ந்திருக்கும் தாயையும் அக்காவையும் சேர்த்தே சொல்லுகிறேன். இவர்களுக்கு அன்பு போதும் என்று நினைத்துவிடுகிறோம். அன்பு மட்டும் போதாது என்பதற்கு இரத்த நோய்களே சாட்சி.

வெளிறல் எல்லாம் இரும்புக் குறைவல்ல. தலசீமியா என்ற பரம்பரை நோயில் உடலால் சரியான ஈமோகுளோபினை ஆக்க இயலாது. பிறந்து சில மாதங்களிலேயே குழந்தை வெளிறி, வயிறு வீங்கி, சிணுங்கிக்கொண்டே இருக்கும். கடுமையான வகையானால் மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை ஆயுள் முழுவதும் இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் ஒவ்வொரு போத்தலோடும் இரும்பு சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் படிந்து அதுவே உயிரைக் குடிக்கும். அதை அகற்ற வேறு மருந்து கொடுக்கிறார்கள். இரவு முழுவதும் தோலின்கீழ் ஊசி வைத்து ஏற்றுவதும் உண்டு, இப்போது விழுங்கும் மாத்திரையும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாட்டியம்மா ஆசையோடு இரும்பு தொனிக் வாங்கிக் கொடுத்தால்? பேரப்பிள்ளைக்காகத் தன் சேமிப்பில் வாங்கியது அது. அவருடைய அன்பில் குறையொன்றுமில்லை. ஆனாலும் அது நஞ்சு.

வெண்குழியங்களின் விஷயமும் இப்படியே. இரத்தப் புற்றுநோய்க்கு மகரகமையில் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் பிள்ளைக்கு, மருந்தின் வேகத்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் சில நாட்களுக்கு ஏறக்குறைய அற்றுப்போகும். பாடநூல்களில் நிர்ப்பீடனம் என்பது இதைத்தான். லயம் முழுவதும் திரண்டு பார்க்க வருகிறது. நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று நாம் சிறு வயதிலேயே மறைக்கல்வியில் படித்தவர்கள். தடிமனோடு வந்து கொஞ்சிவிட்டுப் போகும் மாமாவின் இரக்கம் அப்பிள்ளையை இரண்டு நாளில் கொன்றுவிடலாம். வந்தவரை வாசலில் நிறுத்தி, "மாமா, இன்றைக்கு வெளியிலிருந்தே பேசுங்கள்" என்று சொல்லத் துணிந்த தாயைத் திமிர்பிடித்தவள் என்று ஊர் சொல்லும். அந்தப் பழியை அவள் ஏற்கத்தான் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் புறப்படவும் வேண்டும். (டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரினும் புரூபனும் கூடாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்; இரத்தக்கசிவை அவை கூட்டும். இரத்தினபுரி மழையில் வாழும் நமக்கு இது அடிக்கடி தேவைப்படும்.)

தலசீமியாவுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அங்கே கேள்வி இன்னும் கடினமாகிறது. இலங்கையில் நூற்றுக்கு 2 பேரளவில் இந்நோயின் சாயலைத் தங்கள் இரத்தத்தில் சுமப்பவர்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல, வேலைக்கும் திருமணத்துக்கும் எக்குறையும் இல்லாதவர்கள். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. கேகாலைக்கு அடுத்த குருநாகல் மாவட்டத்தில் இது அதிகம்; தேசிய தலசீமியா நிலையமும் குருநாகல் போதனா வைத்தியசாலையில்தான் இருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் முடிக்கும் நமது வழக்கத்தில், ஒரே பாட்டனின் இரத்தம் இரு பக்கமும் வந்து சேர்வதால் அபாயம் கூடுகிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. இச்சாயலைச் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மலேரியா பரவிய நாடுகளிலெல்லாம் இது நிலைத்திருப்பதன் காரணம் அதுவே என்கிறார்கள். நமது நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றளித்தது. நோய் போய்விட்டது, அதிலிருந்து முன்னோரைக் காத்தது மட்டும் நம் இரத்தத்தில் தங்கிவிட்டது. ஆகவே "கெட்ட இரத்தம்" என்று எந்தக் குடும்பத்தையும் ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஒதுக்கிவிடுவார்களே! பரிசோதித்த பெண்ணுக்கு வரன் அமையாதே! இந்த அச்சம் நியாயமானது. இதைச் சிரித்து ஒதுக்குபவர்கள் பெண்ணைப் பெற்றவர்களாக இருக்கமாட்டார்கள். பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரிடம், மாப்பிள்ளையின் கையும் நீளட்டும் என்று சொல்லுங்கள். சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் இதைச் சுமப்பவர். அங்குள்ள ஓர்தொடொக்ஸ் திருச்சபை 1983 முதல், மணமக்கள் இருவரும் சோதித்துக்கொண்டதற்கான சான்றிதழைக் கேட்கிறது. முடிவு எதுவானாலும் திருமணத்தைத் தடுப்பதில்லை. அறிந்துகொண்டு மணந்தால் போதும். அங்கே நோயோடு பிறக்கும் பிள்ளைகள் மிக அரிதாகிவிட்டார்கள். கருவில் சோதித்து அழிக்கும் வழியும் அங்கே அதற்கு உதவியது என்பதை மறைக்கக்கூடாது. அந்த வழி நமக்கு இல்லை. அதனாலேயே, திருமணத்துக்கு முன் அறிந்துகொள்ளும் பொறுப்பு மற்றவர்களைவிட நமக்குக் கூடுதலாகிறது. கருவிலிருக்கும் பிள்ளையை அழிக்கக்கூடாது என்று உறுதியாக நிற்பவர்கள், அப்பிள்ளை மாதந்தோறும் ஊசிக்குக் கை நீட்டப்போவதை முன்பே அறிய மறுப்பது எப்படிப் பொருந்தும்?

அத்தை மகனை மணக்கத் திருச்சபையின் விதிவிலக்கு பெறவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகப் பங்குத்தந்தையிடம் சென்று விண்ணப்பம் எழுதுகிறோம், ஆயரின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம், அதன் பின்னரே ஓலை வாசிக்கப்படுகிறது. அந்த விண்ணப்பம் எழுதும் வாரத்திலேயே இருவரும் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். செலவில்லை. ஒரு சிறு குப்பி இரத்தம்தான் எடுப்பார்கள். அதற்கு வெறும் வயிற்றோடு போகவேண்டியதுமில்லை.